தண்ணீரிடம் எதைக் கேட்பது?

கொல்கத்தாவின் ராஷ்பிகாரி அவென்யூவில், லேக் மார்க்கெட்டைச் சுற்றித் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. வாழையிலை, முருங்கைக்காய், காபித் தூள் என்று ஊரில் கிடைப்பதெல்லாம் இங்கேயும் கிடைக்கும். வெற்றிலையும் பாக்கும்கூட. விருந்து முடிந்தால் தாம்பூலம் என்பதில் தமிழருக்கும் வங்காளிக்கும் வேறுபாடே கிடையாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுதியில் பாக்கைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் வைத்தது. புகையிலை சேராத தாம்பூலத்துக்கும் அந்தத் தீர்ப்பு பொருந்தும். 2020இல் இந்தியாவில் ஏறத்தாழ 1,36,000 பேருக்குப் புதிதாக வாய்ப் புற்றுநோய் வந்திருக்கும் என்பது அதே முகமையின் மதிப்பீடு. இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் அதற்குத்தான்.

லேக் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் காளிகாட் மெட்ரோ. அங்கிருந்து வடக்கே ஒரு நிலையம் தள்ளி, ஹாஸ்ரா வட்டாரத்தில் சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிறுவனம் இருக்கிறது. கன்னத்தில் ஆறாத புண்ணோடோ, கழுத்தில் கட்டியோடோ ஒரு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிறவரின் சீட்டில் மருத்துவர் பெரும்பாலும் ஒரே வரிதான் எழுதுவார்: முகம், கழுத்து எம்ஆர்ஐ, காண்ட்ராஸ்ட்டுடன். அந்த வரிக்குள் ஆறேழு தனித்தனிப் பரிசோதனைகள் ஒளிந்திருக்கின்றன. எம்ஆர்ஐ என்பது எக்ஸ்ரே போல ஒரு முறை எடுத்து முடிகிற படம் இல்லை. உடம்பிலுள்ள தண்ணீரிடம் அந்த எந்திரம் அடுத்தடுத்துக் கேள்விகள் கேட்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு துடிப்பு வரிசை உண்டு. ரேடியோ அலையை எப்போது அனுப்ப வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், பதிலை எப்போது கேட்க வேண்டும் என்ற நேரக்கணக்குதான் அது. ஸ்கேன் சென்டர்களில் இதைச் சீக்வென்ஸ் என்பார்கள். உள்ளே படுத்திருப்பவர் ஒரு கேள்வி முடிந்து அடுத்தது தொடங்குவதைக் காதாலேயே அறியலாம். டக்டக் என்ற சத்தம் நின்று, சற்று இடைவெளி விட்டு, வேறு தாளத்தில் தொடங்கும்.

தண்ணீரிடம் ஏன் கேட்க வேண்டும்? தண்ணீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. ஹைட்ரஜனின் உட்கரு, அதாவது ஒற்றைப் புரோட்டான், ஒரு நுண்காந்தம். சாதாரணமாக இந்தக் காந்தங்கள் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பரவலாகப் பயன்படும் எம்ஆர்ஐ எந்திரத்தின் புலம் 1.5 டெஸ்லா, நாம் நிற்கும் இடத்திலுள்ள பூமியின் காந்தப் புலத்தைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு. இவ்வளவு பலமான புலத்தில் வைத்தாலும் புரோட்டான்கள் முழுதாகப் பணிவதில்லை. பத்து லட்சம் புரோட்டான்களை எடுத்துக்கொண்டால், புலத்தின் திசையில் கூடுதலாக நிற்பவை வெறும் ஐந்துதான். மற்றவை ஒன்றையொன்று ஈடுகட்டி மறைந்துவிடுகின்றன. ஆனால் ஒரு கன மில்லிமீட்டர் தண்ணீரில் அந்தக் கூடுதல் மட்டுமே மூன்று கோடி கோடிக்கு மேல் வரும். எம்ஆர்ஐ காட்டும் ஒவ்வொரு படமும் இந்தச் சொற்பப் பெரும்பான்மையின் குரல்.

அந்தக் குரலின் அலைவரிசையும் துல்லியமானது. 1.5 டெஸ்லாவில் நொடிக்கு ஏறத்தாழ 6.4 கோடி அதிர்வுகள், அதாவது 64 மெகாஹெர்ட்ஸ். இரு மடங்கு பலமுள்ள 3 டெஸ்லா எந்திரத்தில் 128. நம் எஃப்எம் வானொலி ஒலிபரப்பாகும் 88 முதல் 108 வரையிலான பட்டை இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்கேன் அறையின் சுவர்களுக்குள் செம்புத் தகடு பதிப்பது இதனால்தான். வெளியே உலவும் ரேடியோ அலைகள் உள்ளே வந்தால் கழுத்திலிருந்து வரும் மெல்லிய பதில் மூழ்கிப் போகும்.

ரேடியோ அலையால் தட்டப்பட்ட புரோட்டான்கள் பழைய நிலைக்குத் திரும்ப நேரம் எடுத்துக்கொள்கின்றன. இதை இரண்டு கடிகாரங்கள் அளக்கின்றன. வாங்கிய ஆற்றலைச் சுற்றுப்புறத்துக்குக் கொடுத்துவிட்டுப் புலத்தின் திசைக்குத் திரும்பும் நேரம் டி1. ஒரே தாளத்தில் சுழலத் தொடங்கியவை ஒன்றோடொன்று தாளம் பிசகும் நேரம் டி2. கொழுப்பின் டி1 சுமார் கால் நொடி, தசைக்கு ஒரு நொடிக்குச் சற்றுக் குறைவு, மூளையைச் சூழ்ந்த திரவத்துக்குச் சில நொடிகள். புற்றுநோய்த் திசுவில் இந்தக் கடிகாரங்கள் மெதுவாக ஓடுகின்றன என்பதை எலியின் கட்டிகளில் அளந்து 1971இல் வெளியிட்டார் ரேமண்ட் டமாடியன். புலத்தின் பலத்தை இடத்துக்கு இடம் சிறிது மாற்றினால் அலைவரிசையும் மாறும், அதை வைத்துப் பதில் வந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று 1973இல் காட்டினார் பால் லாட்டர்பர்.

இந்தக் கதையில் கொல்கத்தாவுக்கும் ஒரு பங்கு உண்டு. ஹாஸ்ராவிலுள்ள புற்றுநோய் மருத்துவமனையை 1950 ஜனவரி 2 அன்று திறந்துவைத்தவர் மேரி கியூரியின் மகள் ஐரீன் ஜோலியோ கியூரி. ஒன்பது நாள் கழித்து, ஜனவரி 11 அன்று, மேகநாத சாஹா தொடங்கிய அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தை அதே ஊரில் அவரே திறந்துவைத்தார். அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் எர்வின் ஹான், தாளம் பிசகிய புரோட்டான்களை இரண்டாவதாக ஒரு தட்டுத் தட்டினால் அவை மறுபடி ஒன்றுகூடி எதிரொலிக்கும் என்பதை வெளியிட்டார். சுழல் எதிரொலி என்ற இந்த நிகழ்வு இல்லாமல் இன்றைய கழுத்து எம்ஆர்ஐ நடக்காது. சாஹா நிறுவனத்தைச் சேர்ந்த தாரா பிரசாத் தாஸும் ஏ. கே. சாஹாவும் 1954இல் அந்த எதிரொலியின் கணிதத்தை விரித்து எழுதினார்கள். 1957இல், புரோட்டான்களைத் தட்டிக் கேட்கும் இத்துறைக்கே ஒரு நூலைக் கொல்கத்தாவிலிருந்து வெளியிட்டார்கள். புற்றுநோய் மருத்துவமனையும் அணுக்கரு ஆய்வகமும் ஒரே கையால் ஒரே மாதத்தில் திறக்கப்பட்டபோது, ஒன்றின் அறிவு மற்றதன் நோயாளிக்கு உதவும் என்று யார் நினைத்திருப்பார்கள்!

இனிக் கழுத்துக்கு வருவோம். மூளையை எம்ஆர்ஐயில் பார்ப்பது ஒப்பளவில் எளிது. அது ஓட்டுக்குள் அசையாமல் இருக்கிறது, உருண்டையாக இருக்கிறது. முகமும் கழுத்தும் அப்படி இல்லை. உள்ளங்கை அகலத்துக்குள் காற்று, எலும்பு, கொழுப்பு, தசை, உமிழ்நீர், பல்லடைத்த உலோகம் எல்லாம் நெருக்கியடித்து நிற்கின்றன. போதாததற்கு அந்த மனிதர் மூச்சு விடுவார், எச்சில் விழுங்குவார். இங்கே எந்தக் கேள்வியை எந்த வரிசையில் கேட்பது என்று தேர்ந்தெடுப்பது ஒரு கலை என்றே சொல்வேன்.

முதல் கேள்வி மிகப் பழையது, எளிமையானது. டி1 கடிகாரத்துக்கு ஏற்பத் தட்டி, சீக்கிரமே பதிலைக் கேட்பது. இந்தப் படத்தில் கொழுப்பு பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும், கட்டி சாம்பல் நிறமாகத் தெரியும். பெரியவர்களின் தாடை எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் கொழுப்பு மிகுதி. ஆகவே ஆரோக்கியமான தாடை உள்ளே வெண்மையாக இருக்கும். கன்னத்துப் புற்று எலும்புக்குள் இறங்கினால் அந்த வெண்மையில் சாம்பல் திட்டு விழும். மேல்தாடைக்குப் பின்னால், மண்டையோட்டின் அடியில், மிகச் சிறிய ஒரு குழி இருக்கிறது. அதில் ஒரு சொட்டுக் கொழுப்பும் சில நரம்புகளும் ரத்தக் குழாய்களும்தான். அங்கிருந்து கண்குழிக்கும் மூளைப் பக்கத்துக்கும் வழிகள் பிரிகின்றன. அந்தச் சொட்டு வெண்மை படத்தில் காணாமல் போயிருந்தால் கதிரியல் மருத்துவர் நிமிர்ந்து உட்காருவார். புதிய உத்திகள் எத்தனை வந்தாலும் இந்தப் பழைய படத்தை விட்டுவிடக் கூடாது.

அடுத்தது டி2 படம். நீண்ட நேரம் காத்திருந்து கேட்கும் கேள்வி. இதில் தண்ணீர் ஜொலிக்கும். மூக்கின் பக்க அறைகளில் கட்டி வந்தால் வடிகால் அடைத்துச் சளி தேங்கும். சிடி ஸ்கேனில் கட்டியும் சளியும் ஒரே சாம்பலாகத் தெரிந்து, நோய் உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றக்கூடும். டி2 படத்தில் நீர்த்த சளி பெரும்பாலும் வெள்ளை, செல்கள் நெருங்கிய கட்டி மங்கல். அறுவை எங்கே நிற்கலாம் என்ற எல்லை அங்கே தெரிந்துவிடும்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. டி1இல் நண்பனாக இருந்த கொழுப்பு, இனி எதிரி. காண்ட்ராஸ்ட் ஊசி போட்ட பிறகு கட்டியும் வெண்மையாகிவிடும். வெள்ளைக் கொழுப்புக்குள் வெள்ளைக் கட்டியை எப்படிப் பார்ப்பது? கொழுப்பின் குரலை மட்டும் அடக்க வேண்டும். இதற்கு இயற்கையே ஒரு கைப்பிடி கொடுத்திருக்கிறது. கொழுப்பிலுள்ள ஹைட்ரஜனைச் சுற்றி எலக்ட்ரான் மேகம் சற்று அடர்த்தி. அந்த மேகம் வெளிக் காந்தப் புலத்தை எள்ளளவு எதிர்க்கிறது. தண்ணீரிலோ ஆக்சிஜன் மேகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அதனால் இரண்டின் அலைவரிசையிலும் பத்து லட்சத்தில் மூன்றரைப் பங்கு வேறுபாடு, 6.4 கோடி அதிர்வுகளில் 220. எலக்ட்ரான்களின் இந்த நுண்ணிய எதிர்ப்பைப் படிகங்களில் அளப்பதில் வல்லவராக இருந்தவர் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். 1933 முதல் கொல்கத்தாவில் பேராசிரியராக இருந்த காலத்திலும் அந்த ஆய்வைத் தொடர்ந்தார். அவர் காலத்தில் எம்ஆர்ஐ இல்லை. எனினும் கொழுப்பையும் நீரையும் பிரிக்கும்போது எந்திரம் பிடித்துக்கொள்வது அதே வகை எதிர்ப்பைத்தான்.

எளிய வழி, கொழுப்பின் அலைவரிசையில் மட்டும் ஒரு தட்டுத் தட்டி அதை வாயடைக்கச் செய்வது. மூளையில் இது அழகாக வேலை செய்யும். கழுத்திலோ தொண்டைக் காற்றும் திடீரென்று விரியும் தோளும் காந்தப் புலத்தைக் கோணலாக்கிவிடுகின்றன. அந்தக் கோணல் மூன்றரைப் பங்கை எட்டினால் குறி தவறும். கொழுப்பு அடங்காமல், பக்கத்தில் இருக்கும் தண்ணீர் அடங்கிப் போகும். தேடி வந்த கட்டியையே படம் மறைத்துவிடலாம்.

இதற்கு இரண்டு மாற்று வழிகள் உண்டு. ஸ்டிர் என்பது அலைவரிசையை நம்பாமல் நேரத்தை நம்புகிறது. எல்லாப் புரோட்டான்களையும் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டுக் காத்திருக்கிறது. அவை நிமிர்ந்துகொண்டே வரும்போது, ஏறத்தாழ 160 மில்லி நொடியில் கொழுப்பு சரியாகப் பூஜ்யத்தைக் கடக்கும். அந்தக் கணத்தில் கேட்டால் கொழுப்புக்குச் சொல்ல எதுவும் இருக்காது. புலம் கோணலாக இருந்தாலும் இது தாங்கும். ஆனால் காண்ட்ராஸ்ட் போட்ட பிறகு ஸ்டிர் கேட்கக் கூடாது. காண்ட்ராஸ்ட் ஏறிய கட்டியின் டி1 கொழுப்பின் டி1 அளவுக்குக் குறைந்துவிட்டால், கொழுப்போடு சேர்ந்து கட்டியும் மௌனமாகிவிடும்.

இரண்டாவது வழியை 1984இல் தாமஸ் டிக்ஸன் சொன்னார். எனக்கு இதில் ஈர்ப்பு அதிகம், ஏனென்றால் இது பள்ளிக்கூடக் கணக்கு. அலைவரிசை சற்றே வேறுபடுவதால் நீரும் கொழுப்பும் ஒரு கணம் ஒத்த திசையிலும், இன்னொரு கணம் எதிர்த் திசையிலும் இருக்கும். 1.5 டெஸ்லாவில் 2.3 மில்லி நொடியில் எதிரெதிர், 4.6இல் ஒன்றாக. இரண்டு கணத்திலும் படம் எடுத்தால் ஒன்று நீரும் கொழுப்பும் கூடியது, மற்றது நீரிலிருந்து கொழுப்பைக் கழித்தது. இரண்டையும் கூட்டினால் நீர் மட்டும் கிடைக்கும். கழித்தால் கொழுப்பு மட்டும். பின்னால் வந்தவர்கள் புலத்தின் கோணலையும் கணக்கில் சேர்த்து இதைப் பலப்படுத்தினார்கள். கழுத்துக்கு இன்று பல இடங்களில் டிக்ஸனை விரும்புவதற்குக் காரணம் இதுதான்.

காண்ட்ராஸ்ட் என்பது கடோலினியம் என்ற உலோகத்தின் கூட்டு. தனியாக நச்சானது என்பதால் அதை ஒரு மூலக்கூறுக் கூண்டுக்குள் பூட்டித்தான் ஊசியில் தருகிறார்கள். சிறுநீரகம் மிகவும் நலிந்தவர்களிடம் கூடுதல் கவனம் காட்டுவதும் இந்தக் கூண்டு அவிழ்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே. கடோலினியத்தில் இணை சேராத ஏழு எலக்ட்ரான்கள் இருக்கின்றன. பக்கத்தில் வரும் தண்ணீரின் டி1 கடிகாரத்தை அவை முடுக்கிவிடுகின்றன. படத்தில் நாம் காண்பது கடோலினியத்தை அல்ல, அதன் அண்டையில் சுறுசுறுப்படைந்த தண்ணீரைத்தான்.

காதுக்குக் கீழே, பொன்னுக்கு வீங்கி வந்தால் வீங்குமே, அந்தப் பரோட்டிட் சுரப்பியில் வரும் கட்டிகளுக்கு இதையே நேரத்தோடு சேர்த்துக் கேட்கிறார்கள். ஊசி ஏறும்போதே சில நொடிகளுக்கு ஒரு முறை படம் எடுத்து, வெண்மை ஏறி இறங்குவதை வரைபடமாக்குகிறார்கள். மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் அது பெரும்பாலும் தீங்கற்ற கலப்புச் சுரப்பிக் கட்டி. இரண்டு நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு, பிறகு 30 சதவீதமாவது வடிந்தால் வார்த்தின் கட்டி, அதுவும் தீங்கற்றதே. வேகமாக ஏறி, வடியத் தயங்கினால் புற்றுநோய் ஐயம் வலுக்கும். முகத்தை அசைக்கும் நரம்பு இந்தச் சுரப்பிக்குள் புகுந்து போகிறது. எவ்வளவு வெட்டுவது என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க இந்த வளைகோடு உதவுகிறது. இறுதித் தீர்ப்பு ஊசி வழி எடுக்கும் செல் பரிசோதனைக்கும் பயாப்ஸிக்கும் உரியது.

இருக்கும் கேள்விகளில் என்னை மிகவும் வியக்க வைப்பது டிஃப்யூஷன், தமிழில் விரவல். தண்ணீர் மூலக்கூறுகள் ஓயாமல் அலைபாய்ந்துகொண்டே இருக்கும். உடல் வெப்பத்தில் தடையில்லாத தண்ணீர் 50 மில்லி நொடியில் ஒரு திசையில் சராசரியாக 17 மைக்ரான் நகரும். நம் செல் ஒன்றின் குறுக்களவும் ஏறத்தாழ அவ்வளவுதான்! ஆகவே அந்தச் சிறு நேரத்துக்குள் மூலக்கூறு செல் சவ்வில் முட்டிக்கொள்கிறதா, தாராளமாக ஓடுகிறதா என்பதைக் கேட்க முடியும். புற்றுக்கட்டியில் செல்கள் நெருக்கம், நடமாட்டம் தடைபடும். நிணநீர்ச் செல்களில் தோன்றும் லிம்ஃபோமாவில் நெருக்கம் இன்னும் அதிகம், நடமாட்டம் இன்னும் குறைவு. அரை மில்லிமீட்டர் அளவுக்குக் கீழ் நேராகப் பார்க்க முடியாத ஓர் எந்திரம், அதைவிடப் பல மடங்கு சிறிய செல்களின் நெருக்கத்தைத் தண்ணீரின் தடுமாற்றத்திலிருந்து ஊகித்துவிடுகிறது. கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்த கழுத்தில் வீக்கம், தழும்பு, திரும்பி வந்த புற்று மூன்றும் கைக்கு ஒரே மாதிரி கெட்டியாகப் படும். அங்கே டிஃப்யூஷன் தரும் துப்பு அருமையானது.

அதற்கு ஒரு விலை உண்டு. மிக வேகமாகப் படமெடுக்கும் வழக்கமான டிஃப்யூஷன் முறை, காற்றுக்கும் பல் உலோகத்துக்கும் அருகில் படத்தை ரப்பர் போல இழுத்துவிடும். நாக்கு, தாடைக்குப் பக்கத்தில் சற்று நேரமானாலும் எதிரொலிகளைக் கொண்டு படம் கட்டும் மாற்று முறையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. 3 டெஸ்லாவில் குரல் பலமாகக் கேட்கும், இந்த இழுப்பும் கூடவே வளரும். பெரிய காந்தம்தான் எப்போதும் நல்லது என்று கழுத்தில் சொல்ல முடியாது.

நாக்குப் புற்றில் கட்டியின் அகலத்தைவிட ஆழம் முக்கியமாகிவிட்டது. 2018இல் நடைமுறைக்கு வந்த, புற்றுநோய் நிலைப் பகுப்பின் எட்டாவது பதிப்பில் ஆழத்துக்கான முதல் கோடு 5 மில்லிமீட்டர், அடுத்தது 10. ஒரு பொன்னி அரிசியின் நீளத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பதை வைத்து நோயின் நிலையே மாறும். 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள துண்டுகளாகத்தான் படம் எடுக்கிறோம் என்பதால், நாக்குக்குக் குறுக்கே சரியான கோணத்தில் வெட்டுவது பெரிய விஷயம்.

பாக்குப் பழக்கத்தின் புற்று பெரும்பாலும் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள மடிப்பில் வருகிறது. வாயை மூடிப் படுத்தால் கன்னமும் ஈறும் ஒட்டிக்கொள்ளும், எது எதிலிருந்து முளைத்தது என்று தெரியாது. அதற்கு எளிய உபாயம், ஒரு சீக்வென்ஸ் ஓடும் வரை கன்னத்தை உப்பிக்கொள்ளச் சொல்வது. முடியாதவருக்கு மடிப்பில் காஸ் துணி வைக்கலாம். பல கோடி ரூபாய் எந்திரத்துக்கு ஒரு வாய்க் காற்று கைகொடுக்கிறது. நீண்ட காலம் பாக்கு மென்று சளிப்படலத்தின் கீழ் நார் இறுகியவர்களுக்கு வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காது. மருத்துவரின் விரலும் விளக்கும் போக முடியாத அந்த வாய்க்குள் படம்தான் கண்.

எச்சில் விழுங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். சத்தம் ஓடும்போது விழுங்காமல், நின்ற இடைவெளியில் விழுங்கினால் படம் தெளிவாக வரும். அப்படியும் அசைபவர்களுக்காக, கோடு கோடாகத் தகவல் சேர்க்காமல் மையத்தைச் சுற்றிச் சுழலும் பட்டைகளாகச் சேர்க்கும் முறை இருக்கிறது. ஒவ்வொரு பட்டையும் மையத்தைத் தொட்டுப் போவதால் இடையில் நடந்த அசைவைக் கணினி கண்டுபிடித்துத் திருத்திவிடுகிறது.

எம்ஆர்ஐதான் எல்லாவற்றுக்கும் விடை என்று நினைத்துவிட வேண்டாம். தாடையின் மெல்லிய புறவோடு அரிக்கப்பட்டிருக்கிறதா என்பதைச் சிடி இன்னும் நேராகக் காட்டும். கழுத்து நெறிகளுக்கு, அதாவது நிணநீர் முடிச்சுகளுக்கு, அல்ட்ராசவுண்டும் அதன் வழிகாட்டலில் போகும் ஊசியும் மலிவு, விரைவு. பேஸ்மேக்கர் போன்றவை உடம்பில் இருந்தால் அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

தேர்வு தொடங்குவது ஸ்கேன் அறையில் இல்லை, மருத்துவச் சீட்டில். சில புற்றுகள் நரம்பின் உறையைப் பிடித்துக்கொண்டு மண்டையோட்டை நோக்கி மேலேறும். உமிழ்நீர்ச் சுரப்பிகளில் வரும் ஒரு வகைப் புற்று இதில் பேர்போனது. மேலேறும்போது வலிகூடச் சில சமயம் இருக்காது. சீட்டில் கழுத்துக் கட்டி என்று மட்டும் எழுதியிருந்தால் கழுத்து முழுவதற்கும் பொதுவான படம் எடுப்பார்கள். ஒரு மாதமாகக் கீழுதடு மரத்துப் போயிருக்கிறது என்று நோயாளி சொல்லி, அந்த ஒரு வரியும் சீட்டில் ஏறினால் திட்டமே மாறும். காண்ட்ராஸ்ட்டுக்கு முன் கொழுப்படக்காத டி1, பின் கொழுப்படக்கிய டி1 என்று இரண்டையும் மெல்லிய துண்டுகளாக எடுத்து, தாடைக்குள் ஓடும் நரம்பைப் பிடித்துக்கொண்டு, அது மண்டையோட்டின் அடியிலுள்ள முட்டை வடிவத் துளை வழியே மூளைப் பக்கம் நுழையும் இடம் வரை இரு பக்கமும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.